இடிச்சத்தத்தில் ஒரு செய்தி

என் மனைவியின் அண்ணனுக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகாது. இருவருமே அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருந்தது அதை இன்னும் கெடுத்தது. எண்பதுகளின் பின்பாதியில் ஈப்போவில் எங்கள் சிறு சங்கம் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் சாலை துண்டிக்கப்பட்டால், கணினி வழியாக எழுத்துச் செய்தி அனுப்ப எந்த முறை சரிப்படும்?

அவர் சிங்கப்பூரிலிருந்து புதிதாக ஒரு பாக்கெட் பெட்டி வாங்கி வந்திருந்தார். நான் கப்பல்களில் பயன்பட்டதிலிருந்து வந்த ஆம்டோர் முறையே போதும் என்றேன். பாக்கெட்டில் ஒரு கட்டு எழுத்து மொத்தமாகப் போகும். நடுவில் ஒரு மின்னல் வெட்டினாலும் முழுக் கட்டும் வீண். ஆம்டோர் மூன்று மூன்று எழுத்தாக அனுப்பி, சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டே நகரும். மெதுவாகத்தான் நகரும். ஆனால் எங்கள் பேராக் மாநிலத்தில் மதியத்துக்கு மேல் வானொலியைத் திறந்தால் இடிமின்னலால் எண்ணெய் பொரிவதுபோன்ற இரைச்சல்தான் கேட்கும். அங்கே வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"பழைய சாமான், மாப்ளே. கப்பல்காரன் தூக்கிப் போட்டது" என்றார், எல்லோர் முன்னாலும்.

சோதித்துப் பார்ப்போம் என்று சங்கத்தார் சொன்னார்கள். சுங்காய்க்கு அருகே ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருந்த தோட்டத்தில், காலியாகக் கிடந்த துரை பங்களாவில் ஏரியல் கட்டினோம். மறுமுனையில் ஈப்போவில் சங்கத் தலைவர்.

மதியம் வானம் கறுத்தது. முதலில் மச்சான் பாக்கெட்டில் அனுப்பினார். பெட்டி திரும்பத் திரும்ப முயன்று இணைப்பு அறுந்ததாகக் காட்டியது. பிறகும் அதேதான்.

"நீ பக்கத்துல நின்னு காச்சாவ் பண்ணாதலா!" என்று, நான்தான் தொந்தரவு செய்ததுபோல என்மேல் பாய்ந்தார்.

நான் உட்கார்ந்தேன். கிரிச் கிரிச் என்று ஆம்டோர் தொடங்கியது. இடி வெடிக்கும்போதெல்லாம் நின்றது, அதே எழுத்துகளை மறுபடி அனுப்பியது, நகர்ந்தது. கடைசி வரி மட்டும் பாக்கி. அப்போது அவர் எழுந்துபோய் ஏரியல் கம்பியைப் பிடுங்கினார்.

"என்ன மச்சான் செய்றீங்க?"

"இடி கிட்ட வந்துருச்சு. சாவணுமா உனக்கு?"

இடி கிட்டத்தில்தான் இருந்தது. ஆனால் அவருடைய பெட்டி தடுமாறிக்கொண்டிருந்தபோதும் அதே தூரத்தில்தான் இருந்தது. அப்போது அவருக்கு உயிர் பெரிதாகத் தோன்றவில்லை.

கூட்டத்தில் அவர் நிதானமாகச் சொன்னார்: "ரெண்டுமே முழுசா போகலலா. புதுசையே வாங்குவோம்."

"கம்பியைப் பிடுங்கினது நீங்க."

"தங்கச்சி தாலிய காப்பாத்தினேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பாக்கெட் தேர்வானது. நான் சங்கத்திலிருந்து விலகினேன். தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து வந்த முறுக்கு டின்னைத் திறக்காமலே திருப்பி அனுப்பினேன். மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த மழைக்காலத்தில், சங்கத்தார் செய்தி அனுப்பி ஒத்திகை பார்த்த நாட்களில், என் ரிசீவரில் கேட்டுக்கொண்டிருந்தேன். பாக்கெட் கட்டுகள் ஒவ்வொன்றாக இரைச்சலில் செத்தன. கடைசியில் அவர் மோர்ஸ் விசையை எடுத்து, தந்திக் காலத்து ஆள்போல ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். மறுமுனை திருப்பி அனுப்பியது அவருக்குப் பாதி புரியாமல், கேட்டவர்கள் யாராவது திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

எனக்கு அது முழுதும் தெளிவாகக் கேட்டது. பதில் அனுப்பவில்லை. ரிசீவரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.