கரண்ட் வைத்த பிறகு சொக்கம்மாள் ஓட்டிய ஆட்டோ

மேலகரம் சொக்கம்மாளுக்கு ஆட்டோதான் பிழைப்பு. தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றினால் ஐந்தருவி வரைக்கும் போய் வருவாள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அழுதுகொண்டு உட்காரவில்லை. திருநெல்வேலியில் தங்கிக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டாள். கட்டி கரைந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னதும், கொஞ்ச நாளில் தெம்பு வர, திரும்பவும் வண்டியை எடுத்துவிட்டாள்.

வயிறு மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. சிகிச்சையின் நடுவில் பிடித்த பேதி பின்னால் குறைந்ததே தவிர, முட்டிக்கொண்டு வந்தால் ஒரு நிமிஷம் அடக்க முடியாது. சவாரிக்கு நடுவே மானம் போய்விடக் கூடாதே என்று சொக்கம்மாள் பட்டினி கிடக்கப் பழகினாள். காலையில் கடுங்காப்பி, அவ்வளவுதான். வண்டியை வீட்டில் நிறுத்திய பிறகுதான் சோறு. ரைஸ் மில்லில் வேலை பார்க்கும் புருஷன் வேல்சாமி கேட்டபோதெல்லாம் பசி இல்லை என்று சமாளித்தாள்.

சாரல் பிடித்திருந்த ஒரு நாள், மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனாள். பாதி வழியில் வயிறு பிசைந்தது. இனி மறைத்துப் பயனில்லை என்று ரோட்டோரத்து வீடு ஒன்றின் முன்னால் வண்டியை ஓரங்கட்டினாள்.

“யம்மா, எனக்கு கேன்சருக்கு கரண்ட் வச்சிருக்கு. அதுல கொடலு புண்ணாயிட்டு. அந்த வீட்டுல கேட்டு ஒரு நடை போயிட்டு வந்துருதேன். அவசரம்னா வேற வண்டி பிடிச்சுக்கிடுங்க.”

வண்டியில் இருந்த அம்மாள், “போயிட்டு வாங்க, நாங்க இருக்கோம்” என்றாள். வீட்டுக்காரியும் காரணம் கேட்காமல் கக்கூஸைக் காட்டினாள். சொல்லிவிட்டால் இவ்வளவு லேசா என்று சொக்கம்மாளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அங்கேதான், வெளிக்குப் போனதில் ரத்தத்தைப் பார்த்தாள்.

அவர்களை அருவியில் இறக்கிவிட்டு, நேரே மில்லுக்குப் போய் வேல்சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு முகம் செத்துவிட்டது.

“வண்டிய வித்துருவோம்ட்டி. நீ வீட்டுல இரி.”

“என்னன்னு தெரியாம எதுக்கு விக்கணும்? மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க.”

டாக்டரம்மா ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தார். புற்று திரும்பவில்லை. கரண்ட் பட்டதில் மலக்குடலின் ரத்தக்குழாய்கள் மெலிந்துபோய்க் கசிந்திருக்கின்றன. கசிந்த இடங்களைச் சுட்டு அடைத்தார்கள். இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை என்று டாக்டரம்மா கேட்டதற்கு, உயிர் பிழைத்ததே பெரிசு, இதைப் போய் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டதாகச் சொக்கம்மாள் சொன்னாள்.

“பிழைச்சது பட்டினி கிடக்கவா?” என்று கேட்டுவிட்டு, டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வெறும் வயிற்றில் காப்பி ஆகாது. பாலும் காரமும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். குழைந்த சோறு, இட்லி என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். பேதியை மட்டுப்படுத்த மாத்திரையும், அடக்கிப் பழக இடுப்புப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். மறுபடி ரத்தம் கண்டால் அன்றைக்கே வர வேண்டும் என்றார்.

இப்போதும் சில நாள் வயிறு படுத்தும். அன்றைக்குக் கிட்டத்துச் சவாரியோடு நிறுத்திக்கொள்வாள். மற்ற நாளில் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து இட்லியைப் பிட்டுச் சாப்பிடுகிறாள். போன வாரம் ஒரு தம்பதி பண்பொழி கோயிலுக்கு வருமா என்று கேட்டார்கள்.

“வரும், ஏறுங்க. நடுவுல ஒரு இடத்துல நிப்பாட்டுவேன், பரவால்லல்லா?” என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.