இரண்டு கட்டம் மேலே

ஜாய்சனுக்குக் கூட்டாளி சிலுவையின் பாட்டைப் பிடிக்காது. பாட்டு மோசம் என்று சொல்லவும் வழியில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

துறைமுகத்தில் கண்டெய்னர் கணக்கெடுக்கும் டேலி கிளார்க் வேலை ஜாய்சனுக்கு. வேலை முடிந்தால் கிட்டார். கோயில் பாடற்குழுவில் சிலுவைக்குக் கிட்டாரில் முதல் கார்டு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். எந்த மாதா கெபித் திருவிழா மேடையானாலும் ஜாய்சன் கிட்டார், சிலுவை பாட்டு. கைதட்டலில் பாதி தனக்கு என்ற நம்பிக்கையில் இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

போன வருஷம் சிலுவைக்கு மனம் பேதலித்தது. முதலில் காதில்தான் ஆரம்பம். எல்லோரும் சுருதி ஏற்றிப் பாடுவதாகச் சண்டை பிடித்தான். பூசையின் நடுவே எழுந்து, "எல்லாருமாச் சேந்து என்னைய ஏய்க்கியளோ?" என்று அழுதான். பிறகு ஆஸ்பத்திரி, மாத்திரை, மாதக்கணக்கில் படுக்கை. ஷிப்டை மாற்றிப் போட்டுக்கொண்டு துணைக்கு இருந்தவன் ஜாய்சன்.

தேறி வந்தவன் அதையே ராக் பாட்டாகப் போட்டான். "நீங்க சரியாத்தான் பாடுதிய, என் காதுதான் பொய் சொல்லுது" என்று அவன் கத்துகிற இடத்தில் கேட்பவனும் சேர்ந்து கத்துவான். யூடியூபில் போட்டதும் பரவிவிட்டது. துறைமுகக் கேண்டீனில் அது, லாரி டிரைவர் வாயில் அது. வீட்டில் மனைவி ஸ்டெபியும் நெத்திலி ஆய்ந்துகொண்டே அதைத்தான் முனகினாள்.

"உங்க கூட்டாளி என்னமா எழுதியிருக்காவ!" என்றாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் முதுகு ஒடிந்தது ஜாய்சனுக்கு. பெயர் மட்டும் அவனுக்கா? வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த நோயின் மேலேயே இவனுக்குப் பொறாமை. தனக்கு வந்திருந்தால் தானும் எழுதியிருப்போமே!

இந்த வருஷக் கெபித் திருவிழாவில் அந்தப் பாட்டுக்காகவே கூட்டம். மேடையில் ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். கிட்டார் எடுத்துக்கொடுக்கும் சுருதியில்தான் சிலுவை பாட வேண்டும். சுருதியை ஏற்றக் கிட்டாரின் கழுத்தில் கவ்வ வைக்கிற கேப்போவை, ஜாய்சன் யாரும் பார்க்காமல் இரண்டு கட்டம் மேலே தள்ளி வைத்தான். தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் அல்லவா?

உச்சத்தில் சிலுவையின் குரல் கிழிந்தது. நின்றுவிட்டான். ஆனால் கூட்டம் விடவில்லை. அவன் விட்ட வரியை எடுத்து ஊரே பாடியது. கைதட்டல் எப்போதையும்விட அதிகம். செய்த வேலையும் வீண் என்று பல்லைக் கடித்தபடி ஜாய்சன் மேடைக்குப் பின்னால் போனான்.

அங்கே சிலுவை காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"மக்கா, திரும்ப வந்துட்டுலே. எனக்குச் சுருதி ஏறிக் கேக்குது. வீட்டுல சொல்லிராத. நாளைக்கே என்னைய ஆஸ்பத்திரியில கொண்டு சேத்திரு. நீ கூட இருப்பேல்லா?"

ஜாய்சன் கிட்டாரைக் கீழே வைத்தான். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மேடையும் இனி தனக்கே. அந்த நினைப்பும் வரத்தான் செய்தது.

"உனக்கு ஒண்ணுமில்லலே," என்றான். "நான்தான் ஏத்தி வச்சேன். வேணும்னுதான்."

அறை விழட்டும் என்று நின்றான். சிலுவை அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நெசமாவா? நீதானா? நல்லாருப்பலே, நீ நல்லாருப்ப" என்று விம்மி விம்மி அழுதான்.

ஜாய்சனால் கையை உருவிக்கொள்ள முடியவில்லை.