டீச்சர் படிக்கும் கறுப்புக் கட்டம்

இன்று தென்காசியில் குற்றாலம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு டீச்சர். கொரோனா காலத்தில் என் பேத்திக்கு போனில் பாடம் எடுத்தவர். அந்த முகத்தை மறப்பேனா?

காதில் வயரும் கையில் போனுமாக இருந்தார்.

"என்ன டீச்சர், படம் பாக்கியளா?"

"இல்ல ஆச்சி, கிளாஸ் நடக்கு. ஆன்லைன்ல பாடம் நடத்துதது எப்படின்னு பி.ஜி. படிக்கேன். முடிச்சதும் சொந்தமா ஆன்லைன் டியூஷன்தான்."

எட்டிப் பார்த்தேன். மற்றவர்கள் முகமெல்லாம் தெரிகிறது. இவர் பெயருக்கு மேலே வெறும் கறுப்புக் கட்டம்.

"உங்க மூஞ்சியக் காணுமே?"

"கேமராவ ஆஃப் பண்ணிட்டேன் ஆச்சி. பஸ்ல சிக்னல் கிடைக்காதுல்லா? எங்க சார் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

அன்று கேமராவைப் போடாததற்கு என் பேத்தியும் சிக்னல் இல்லை என்றுதான் சொன்னாள். "பொய் சொல்லாத, வெளிய போ" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்க அவளை வகுப்பை விட்டு வெளியே தள்ளியது இதே வாய். இன்று கல்லூரிக்குப் போகிறாள். இன்னும் வகுப்பில் வாயைத் திறக்கப் பயப்படுகிறாள்.

அதைச் சொன்னேன். "எத்தன பிள்ளைய ஆச்சி! யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்று சிரித்தார்.

"எனக்கு இருக்கு" என்றேன். குற்றாலத்துக்கு டிக்கெட் எடுத்தவள் பாதி வழியில் மேலகரத்திலேயே இறங்கிவிட்டேன்.

அந்த டியூஷனில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் கையைத் தூக்குங்கள். கேமராவைப் போட்டுக்கொண்டு தூக்குங்கள், பார்ப்போம்.