திருப்பி ஒட்டிய கவர்கள்

கல்யாணமாகி நான் அந்தக் கட்டிடத்துக்கு வந்த மறுநாள் காலையில்தான் அவள் பெயரை முதன்முதலாகக் கேட்டேன். பெற்றவர்கள் வைத்த பெயரை அல்ல, ஊர் வைத்த பெயரை. குப்பை எடுக்க வருகிறவர் படிக்கட்டில் நின்று என் மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணாவது மாடி காலிக்கூடை அம்மா வீட்ல இன்னிக்கும் ஒண்ணும் இல்லீங்க. அங்க சமைக்கிறாங்களா, இல்ல காத்தக் குடிச்சே காலம் தள்றாங்களா?"

மாமியார் என் பக்கம் திரும்பி, "வேற யாருமில்ல, உனக்கு ஓரகத்தி முறைதான்," என்றார். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகனைக் கட்டியவள். அந்தச் சித்தப்பாவும் என் மாமனாரும் பெரியம்மா பிள்ளை, சித்தி பிள்ளை. ஆனாலும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் போலத்தான் பழக்கம்.

ஐயோ பாவம், இல்லாத வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு படியேறினேன். போய்ப் பார்த்தால் ஒரு குறையும் இல்லாத வீடு. பால்கனியில் ஓட்டை போட்ட பானைகள் இருந்தன. காய்த்தோல், காய்ந்த இலை, கொஞ்சம் மண் என்று அடுக்கடுக்காகப் போட்டு மூடி வைத்திருந்தாள். நாற்றம் என்று ஒரு பொட்டு இல்லை. எண்ணெய்க்குத் தனித் தகரம், கடைக்குப் போகத் துணிப்பை. தேய்ந்த சோப்புத் துண்டுகளைக்கூட ஈரத்தில் ஒன்றாக அமுக்கி உருண்டை பிடித்து வைத்திருந்தாள். படுக்கை விரிப்பு பழசானால் தலையணை உறையாகும், அதுவும் கிழிந்தால் கைப்பிடித் துணியாகும்.

பஸ் ஓட்டப் போகும் புருஷனை அவள் தினமும் வாசலில் நிறுத்திக் கேட்பாள்.

"சாயங்காலம் பசி எப்படி இருக்கும்?"

"அத இப்பவே எப்படிம்மா சொல்றது? வயித்துக்கென்ன டைம்டேபிளா இருக்கு?"

"உத்தேசமா சொல்லுங்க. அரிசி அளக்கணும்ல."

வருகிற கடிதங்களின் கவரைக்கூட அவள் விடமாட்டாள். ஆவியில் காட்டிப் பசையைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மாவுப் பசையால் ஒட்டிவிடுவாள். சொந்தக்காரர்களுக்கு அவள் எழுதும் கடிதமெல்லாம் அதில்தான் போகும். நானும் அவளைப் பார்த்துப் பார்த்துப் பாதி பழகிக்கொண்டேன். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிட அவளுக்குச் சொந்தத்தில் ஒரு தங்கையும் இருந்தாள்.

தாய் போன பிறகு அந்தத் தங்கை அக்கா வீட்டிலேயே இருந்து தையல் வேலை பார்த்தாள். அவளுக்கு ஒரு கல்யாணப் பேச்சு எல்லாம் முடிந்து, கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சுக்கென்று ஆசையாகத் தானே தைத்துப் போட்டுக்கொண்ட நீல உடுப்பை அவள் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். அக்காக்காரிக்குக் கை சும்மா இருக்குமா? நல்ல துணியாயிற்றே என்று எடுத்து, துவைத்து, நாலாகக் கிழித்து அடுப்படிக்கு வைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் அந்தப் பெண் பேசாமல் பார்த்தாளாம். நாலாவது நாள் காலை, நானும் அங்கேதான் இருந்தேன்.

"தூக்கிப் போட்டத தூக்கிப் போட்டதா விடத் தெரியாதாக்கா உனக்கு? தினமும் அது முகத்துலதான் நான் முழிக்கணுமா?"

"துணிக்கு என்னடி தெரியும்? அது என்ன பண்ணுச்சு?"

"இந்த வீட்ல எல்லாத்துக்கும் இடம் இருக்கு. எனக்குத்தான் இல்ல."

அன்றைக்கே தையல் மெஷினை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். வெளியூரில் வேலை என்று சொந்தத்தில் சொல்லி வைத்தோம். அதன் பிறகு நான் அக்கா என்று கூப்பிட்டால் காலிக்கூடை சட்டென்று திரும்புவாள். என்னைப் பார்த்ததும் அந்த முகம் கொஞ்சம் இறங்கும். எனக்கே கூப்பிடச் சங்கடமாகிவிட்டது.

பதினோரு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நாலே வரி. நன்றாயிருக்கிறேன், தைக்கிறேன், கல்யாணம் கட்டவில்லை, விலாசம் கவரில் இருக்கிறது, இஷ்டமிருந்தால் எழுது.

அவள் அழுதாள். அழுதுவிட்டு, "பதினோரு வருஷம் ஆச்சுல்ல, நானும் ஒரு மாசம் பொறுத்து எழுதுறேன்," என்றாள். ரோஷம். கடிதம் தலையணைக்கடியில் போனது, கவர் வழக்கம்போல் கவர்க் கூடையில் போனது.

அந்த மாதமே கட்டிடத்தை இடிக்கப்போகிறோம் என்று எல்லாரையும் காலி செய்யச் சொன்னார்கள். சாமான் கட்டும் அவசரத்தில் அவள் கூடையோடு கவர்களைத் திருப்பி ஒட்டி, புது வீட்டு விலாசத்தைப் பதினாலு சொந்தக்காரர்களுக்கு எழுதிப் போட்டாள். புது வீட்டில் விரிப்பை விரிக்கும்போதுதான் அந்த நாலு வரியை மறுபடி எடுத்துப் படித்தாள். விலாசம் கவரில் இருக்கிறது. கூடை காலி.

"ஊர் பேராவது ஞாபகமிருக்காக்கா?"

"நான் ஊரையா பார்த்தேன்? அவ எழுத்தைத்தான்டி பார்த்துக்கிட்டிருந்தேன்."

தங்கை இனி எழுதினாலும் அது இடிந்த வீட்டுக்குத்தான் போகும்.

பதினாலு பேர் யார் யார் என்று வரிசையாகச் சொன்னது நான்தான். இரண்டு பேரும் பஸ் ஏறி வீடு வீடாகப் போனோம். தங்கை எழுதியதைச் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. ஏன் போனாள் என்று கிளறுவார்கள், உன்னால்தானா என்பார்கள். அதனால் கவர் வேண்டும் என்று மட்டும் கேட்டாள். கேட்டால் சும்மா இருப்பார்களா?

அவளுடைய சின்ன மாமியார் கைகொட்டிச் சிரித்தார். "அடியம்மா! போட்ட கவரையே திருப்பி வாங்க வந்துட்டாளே! ஒட்டின ஸ்டாம்பையும் கிள்ளித் தரவா?"

"கவர் இருந்தா குடுங்க அத்தை, போதும்."

"கடுதாசியப் படிச்ச கையோட கிழிச்சுப் போட்டேன். எல்லாரும் உன்ன மாதிரியா?"

எங்கே போனாலும் இதே கதைதான். நான் வாயைத் திறந்தால் அவள் என் கையை அழுத்திப் பிடித்துவிடுவாள். பதினோராவது வீட்டுப் படி இறங்கும்போது, "அந்த நீலத் துணிய விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல," என்றாள்.

பதிமூன்றாவது வீடு அவளுடைய மூத்த நாத்தனார் வீடு. அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே அலமாரியில் இருந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே பழைய பொத்தான்கள். கொட்டிவிட்டுப் பிரித்துப் பார்த்தோம். அதே எழுத்து! தெரு இருந்தது, ஊர் இருந்தது. கடிதத்தை எடுக்கக் கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டியிருந்தார், அந்த ஓரத்தோடு வீட்டு நம்பர் போயிருந்தது.

மறுநாளே இருவரும் போனோம். ஐந்து மணி நேரப் பயணம். நீளமான தெரு. தையல்காரி, தையல்காரி என்று கதவு கதவாகக் கேட்டு, தெருக்கோடியில் ஒரு மாடி வீட்டைக் கண்டுபிடித்தோம். வீட்டுக்காரம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் அக்காவா? தபால்காரர் வர்ற நேரம் வாசல்லயே நிப்பா. போன வாரந்தான் கிளம்பினா. எங்கேயோ தையல் கம்பெனியில வேலையாம். விலாசம் குடுக்கல. மெஷின எடுக்க வருவேன்னு வச்சுட்டுப் போயிருக்கா."

அறை மூலையில் மெஷின் இருந்தது. காலிக்கூடை அதன் பலகையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். பக்கத்துப் பையில் வெட்டுத் துணித் துண்டுகள் நிறம் வாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. விரற்கடை அளவு துண்டைக்கூட அந்தப் பெண் எறியவில்லை. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஒரு சீட்டில் புது விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டிய மனிதர் போன பிறகு, பெற்ற பிள்ளைகள் தடுத்தும் கேட்காமல், அந்த மாடி அறையையே வாடகைக்கு எடுத்துக்கொண்டாள்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். தங்கை இன்னும் வரவில்லை.