அலுமினியத்தில் குங்குமக் கோடு

பாபநாசத்தில் அக்கா வீட்டுக் கொல்லைச் சுவரில் ஓர் அலுமினிய வட்டின் பாதி சாய்ந்து கிடக்கிறது. உடைந்த விளிம்பு நெடுக மங்கிய சிவப்பு. புதிதாகப் பார்ப்பவர்கள் ரத்தம் என்று நினைத்துப் பின்வாங்குவார்கள். அது குங்குமம். அந்த வட்டை நான் இன்றும் வெறுக்கிறேன்.

அக்காவின் கணவரை நான் அத்தான் என்பேன். வளைகுடாவில் ஜன்னல் சட்டங்கள் செய்யும் பட்டறையில் பல வருடம் அலுமினியம் அறுத்தவர். ஊர் திரும்பியதும், வாழை மட்டையிலிருந்து நார் உரிக்கும் இயந்திரத்தை வீட்டிலேயே செய்யப்போவதாக அறிவித்தார். இரண்டு வட்டுகள், அவற்றை இணைக்கும் பட்டைகள், சுழற்ற ஒரு மோட்டார். முன்னால் நின்று மட்டையைக் கையால் கொடுக்கப்போவது அக்கா. வாழைச் சாறு பட்டால் இரும்பு கறுத்து நாரையும் கறையாக்கிவிடும், அதனால் வட்டுகள் அலுமினியத்தில்தான் இருக்க வேண்டும் என்றார்.

தஞ்சாவூர், கும்பகோணம் என்று பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் என்னையும் பைக்கில் இழுத்துக்கொண்டு அலைந்தார். அக்கா புடவை எடுக்க நேரமானால் கேலி செய்கிறவர், ஒரு துண்டு அலுமினியத்துக்கு அரைநாள் எடுத்துக்கொள்வார். விளிம்பில் அறுப்புவாள் போட்டு, உதிரும் தூளை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார். சுருளாக வந்தால் உருட்டித் தயாரித்த தகடு, நம்பலாம். ரவையாக உதிர்ந்தால் உருக்கி வார்த்தது, அடி பட்டால் விரிசல் விடும். அப்படி ஒரு நல்ல வட்டு கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவில்லை. புதுத் தகடு சென்னையிலிருந்து வர நாளாகும். விஜயதசமியன்று ஓட்டியே தீர வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். கடைசியில் இரண்டாவது வட்டுக்கு ஏதோ பழைய மோட்டாரின் வட்ட மூடியை எடுத்தார். வாள் போட்டதும் ரவை கொட்டியது.

“வாழ மட்டைதானே மாப்ள, தாங்கும்” என்றவர், கையிலிருந்த தூளை என் முகத்தைப் பார்க்காமலே துடைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜையன்று இரண்டு வட்டுகளுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். மறுநாள் காலை, நாரில் சிவப்பு ஒட்டிவிடக் கூடாதே என்று அக்கா ஈரத்துணியால் துடைத்தாள். நல்ல வட்டு பளிச்சென்று ஆனது. மற்றதில் நடுவிலிருந்து விளிம்பு வரை மயிரிழை அளவில் ஒரு சிவப்புக் கோடு நின்றது. துணியை வாங்கி நானும் அழுத்தித் துடைத்தேன்; குங்குமம் உள்ளே இறங்கியிருந்தது.

“என்னங்க, இது மட்டும் போக மாட்டேங்குது.”

அத்தான் குனிந்து, கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார். இயந்திரம் ஓடுவதைப் பார்க்க வந்தவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். சரஸ்வதிக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனமில்லையாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார்.

“மொதல்ல நான் விடுறேன். நீ தம்பியக் கூட்டிக்கிட்டு அந்தத் தென்னைக்குப் பின்னால போய் நில்லு.”

இரண்டு மட்டை நன்றாகவே உரிந்தது. வெள்ளை நாரைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார். அடுத்த மட்டை உள்ளே போனதும் வட்டு வெடித்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அத்தானின் உயிர் போய்விட்டது.

இப்போதும் ஆயுத பூஜைக்கு அக்கா அரிவாளிலிருந்து மிக்ஸி வரை பொட்டு வைக்கிறாள். மறுநாள் ஒவ்வொன்றையும் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் யாரையும் தொட விடுவாள். பழைய இரும்புக்காரர் கேட்டாலும் அந்தப் பாதி வட்டைக் கொடுப்பதில்லை. போன வருடம் அதன் முன்னால் நெடுநேரம் நின்றவள் என் பக்கம் திரும்பினாள்.

“சந்தேகம் இல்லேன்னா, என்னை ஏண்டா தள்ளி நிக்கச் சொன்னாரு?”