பங்களாவிலிருந்து வந்த காலி பாட்டில்

குன்னூருக்கு மேலே எஸ்டேட் சாலை வளையும் இடத்தில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது. கடை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். நாலு கம்பம், மேலே தகரம். பின்னால் இருந்த எங்கள் தோட்டத்தில் விளைந்த பீன்ஸும் முட்டைக்கோஸும் தரையில் குவிந்திருக்கும். பலகை மேல் அம்மா காய்ச்சிய பிளம்ஸ் ஜாம், காட்டுத் தேன், யூகலிப்டஸ் தைலம். சீமைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க அவற்றை வாங்கிப் போவார்கள். எங்களைவிட அந்த ஜாமை அதிகம் தின்றவர்கள் சீமைக்காரர்கள்தான்.

கண்ணாடி பாட்டில் அப்போது லேசில் கிடைக்காது. அதனால் உள்ளூர் பங்களாக்காரர்கள் ஜாம் தீர்ந்ததும் பாட்டிலைத் திருப்பித் தருவார்கள். அம்மா கழுவிக் காயவைத்து மறுபடி நிரப்புவாள். அவளுக்கு இதில் ஒரே ஒரு மனத்தாங்கல், பாட்டில் காலியாக வரும். அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது, கொஞ்சம் சர்க்கரையோ ஒரு பூவோ போட்டுத்தான் தர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வெள்ளைக்காரர்களுக்கு அதை யார் சொல்வது? அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். எனக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை. காலி பாட்டிலைக் கையில் வாங்கும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கிவிடும்.

எனக்கு ஏழு வயது, வாய்க்கு எழுபது. ஒருநாள் பெரிய பங்களாவுக்குப் பாட்டில் வாங்கப் போனேன். பிள்ளை குட்டி இல்லாத வீடு. துரைசானியே எடுத்து வந்து கொடுத்தாள். வேலைக்காரர்களிடம் பழகிய தமிழ் அவளுக்குத் தெரியும்.

“வெறும் பாட்டில் தரக்கூடாதுங்க. எங்கம்மா வயித்துல பாப்பா இருக்குதுங்க. ஆகாதுங்க” என்றேன்.

அவள் பாட்டிலைத் திருப்பி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவேயில்லை. நின்று நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

விஷயம் கேட்டு அப்பா கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டார். கடையும் தோட்டமும் எஸ்டேட் நிலத்தில், துரையின் வாய்வார்த்தையில் நின்றவை.

“ஏஞ்சாமி, உன்ற வாய் சும்மாவே இருக்காதா? நாளைக்கே காலி பண்ணுன்னா எங்க போறது?”

மறுநாள் பங்களா பட்லர் வந்தார். அப்பா எழுந்து நின்றார். பட்லர் நீட்டிய பாட்டிலுக்குள் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை, என் விரல் நீளம்தான் இருக்கும். மடிப்பு விழுந்த இடமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. மிட்டாய் எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றம். பட்லர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்ல, அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் போன பிறகு அப்பா, “இதப் போட வேண்டாம். பெட்டியில வெச்சுரு” என்றார். பழசு என்பதால் சொல்கிறார் என்று நினைத்தேன்.

உறைபனி விழுகிற தை மாதத்தில் தம்பி பிறந்தான். மாசி பாதியில் துரைசானி கடைக்கு வந்தாள். தூரத்தில் அவளைக் கண்டதுமே அம்மா பின்னால் இருந்த வீட்டுக்குள் ஓடினாள். பெட்டியைத் திறந்து காலுறைகளை எடுத்துத் தம்பிக்கு மாட்டினாள். அப்பா தடுக்கப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. வெளியே வந்து பிள்ளையைத் துரைசானியின் கையில் கொடுத்தாள்.

துரைசானி அந்தச் சின்னக் கால்களைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே போய்விட்டாள்.

அந்தப் பங்களாவில் ஒரு குழந்தை பிறந்து சில நாள் மட்டும் இருந்தது என்பதும், அதற்காகப் பின்னியவை அவை என்பதும் நான் பெரியவளான பிறகே தெரிந்தது. காலி பாட்டிலுக்குப் பயந்த அம்மா, போன பிள்ளையின் உடுப்பை, எல்லாம் தெரிந்தே, தங்குமோ தங்காதோ என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த தன் பிள்ளைக்கு மாட்டியிருக்கிறாள். அன்றைக்கோ, ஒரு ஜாம் பாட்டில்கூட விற்கவில்லையே என்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டு, சாயங்காலம் வரை நான் பேசவில்லை.