ஆப்சென்ட் எட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலையொன்றின் ஸ்டோர் பொறுப்பாளர் பீட்டருக்கு, 2006 ஏப்ரலில், ஆலை முகவரிக்கே ஒரு கடிதம் வந்தது. உறையின்மேல் ‘இசையமைப்பாளர், நடத்துநர் திரு. பீட்டர் அவர்கள்’ என்று அச்சாகியிருந்தது. அதைக் கேட்டிலிருந்து வாங்கி வந்தவர் சின்னதுரை. ஆலையில் உலையடி வேலை, பீட்டர் நடத்தும் தேவாலயப் பாடகர் குழுவில் கட்டைக்குரல்.

“இன்னா நைனா, நடத்துநர் ஆயிட்ட? எந்த ரூட்டு பஸ்ஸு? எனக்கு ஒரு டிக்கெட்டு கிழி.”

பீட்டர் சிரிக்கவில்லை. கடிதத்தை நின்றவாறே மும்முறை படித்தார். ஆகஸ்டு பதினைந்தாம் நாள் சென்னையில் ஓர் இசைச் சங்கம் புதிய தமிழ்ச் சேர்ந்திசைகளை அரங்கேற்றுகிறது. அவர் அனுப்பிய உருப்படியை அவரே நடத்தலாம். வயலின் குழுவைச் சங்கமே தரும்.

அந்த உருப்படியின் சொல்லும் அவருடையதே. பழைய நூல்களைத் தாமே ஓதிக் கற்றவர், மூன்றடி ஆசிரியப்பாவாக அதைக் கட்டியிருந்தார்:

காலை எழுந்தேம் கதிரொடும் நடந்தேம்
மாலை வந்தது மணியொலி கேட்டேம்
வேலை முடிந்தும் விழித்திருந் தேமே.

“எழுந்தோம்னு பாடுனா ஆவாதாண்ணா?” என்று ஸ்நேகா ஒருமுறை கேட்டாள். மேற்குரல் பாடும் பெண்களில் அவளே கூர்மையான செவியுடையவள்.

“ஓ-ன்னா வாய் குவிஞ்சிடும். முப்பது பேரு சேந்து பாடுனா ஃபர்னஸ் ஊதுற மாதிரி இருக்கும். ஏ-ன்னு பாடு, வெளிச்சம் வரும்.”

முப்பது பேர் என்று அவர் வாய் சொல்லிற்றே தவிர, முப்பது பேரை ஒருசேர அவர் கண்டதில்லை. மாலை ஆறு மணிப் பயிற்சிக்கு ஏ ஷிஃப்ட் முடித்தவர்கள் வருவார்கள். சி ஷிஃப்ட் போக வேண்டியவர்கள் வருவார்கள். பி ஷிஃப்ட்காரர்கள் ஆலைக்குள் இருப்பார்கள். வாரந்தோறும் முறை மாறும். ஞாயிற்றுக்கிழமையும் ஆலை ஓயாது. கணவனின் ஷிஃப்ட்டே மனைவிக்கும் மக்களுக்கும் ஷிஃப்ட். ஆதலால் குரல்வகையை விட்டு ஷிஃப்ட் வகையாகவே குழுவை மூன்றாகப் பிரித்து, எந்த இரண்டு பிரிவு வந்தாலும் பாட்டு நிற்குமாறு எழுதப் பழகினார். பன்னிரண்டு ஆண்டுகளில் பதினேழு உருப்படிகள் அவ்வாறு பிறந்தன.

ஆயினும் ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் அவர் மனம் அடங்காது. அடிகளெல்லாம் முடிந்து, கடைசி அடியை மீண்டும் எடுக்குமுன், மூன்று பிரிவும் தத்தம் அடியை ஒரே வேளையில் பாடும் எட்டுத் தட்டுகளை எழுதிவிடுவார். இரண்டு பிரிவு மட்டும் பாடினால் அது நொண்டும். “அது எல்லாரும் வர்ற அன்னிக்கி. இப்ப எட்டு எண்ணிட்டு மேல போங்க” என்பார். வலக்கை விரல்களை மடக்கி எண்ணுவார். அவர்களும் வாய்மூடி எண்ணுவார்கள். அவ்விடத்துக்கு ஆலையின் வருகைப் பதிவேட்டுச் சொல்லே பெயராயிற்று: ஆப்சென்ட் எட்டு.

அந்த எட்டை ஒருமுறையேனும் காதால் கேட்டுவிட வேண்டும். கடிதம் வந்தது முதல் பீட்டருக்கு வேறு நினைவில்லை. நாஷ்டா ஆறிப்போகும், ஸ்டோரில் போல்ட் கேட்டவனுக்கு நட்டு எடுத்துக் கொடுப்பார்.

மே தினத்தன்று ஆலைகள் மூடின. விடுமுறை என்றால் சொந்த ஊருக்குப் போய்விடுகிறவர்களை இம்முறை பீட்டர் கெஞ்சி நிறுத்தியிருந்தார். முப்பது பேரும் வந்தனர். முதல் அடி எழுந்தது, இரண்டாவது நடந்தது, மூன்றாவது நிறைந்தது. அந்த இடம் வந்தது. முப்பது பேரும் வாய்மூடி விரல் மடக்கினர்.

பீட்டர் தாளத்தை நிறுத்தினார். “பாடுங்கய்யா. எல்லாரும் இருக்கீங்க.”

“இருக்கோம்ணா. வாய் தொறக்க மாட்டேங்குது” என்றார் சின்னதுரை.

மறுமுறை சிலர் பாடினர், சிலர் எண்ணினர். அடுத்த முறை ஐந்தாம் தட்டில் ஒரு பிரிவு விழித்துக்கொண்டு, அடுத்த அடிக்குள் போய் முட்டியது. மாலைவரை அதுவே கதை.

ஆகஸ்டு வரை பிரிவு பிரிவாக உருப்போட வைத்தார். பதினைந்தாம் நாள் முற்பகல், சென்னை அரங்கின் ஒத்திகையில், வயலின்கள் எட்டையும் ஒழுங்காக வாசித்தன. குரல்களில் பாதி ஊமையாயின, பாதி தடுமாறின. சங்கச் செயலாளர் வரதன் மேடையோரம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: “பீட்டர் சார், மத்ததெல்லாம் அருமை. இந்த இடம் சரியாகலைன்னா உங்க உருப்படிய எடுத்துட வேண்டியதுதான். நாலு மணிக்குள்ள சொல்லிடுங்க.”

பீட்டர் அரங்கின் பின்வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தார். முப்பது பேரும் வெள்ளை உடுத்தி, பிள்ளைகளோடு, அதிகாலை ரயிலில் வந்தவர்கள். பாடாமல் அவர்களைத் திருப்பி அழைத்துப்போக அவருக்கு மனம் வரவில்லை. மூன்றே முக்காலுக்கு வயலின்காரர்களின் தாள்களில் அந்த எட்டைப் பென்சிலால் அடித்தார்.

“எண்ணிடுங்க” என்றார் குழுவிடம்.

மாலையில் எண்ணினார்கள். பேரரங்கு மூச்சுவிடாமல் எட்டுத் தட்டு அமைதியாயிருந்தது. பின்பு கடைசி அடி மீண்டும் எழுந்தது. கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. வரதன் ஓடிவந்து கையைப் பற்றினார்.

“அந்த மௌனம் சார். எப்படித் தோணித்து உங்களுக்கு?”

“அது ஆப்சென்ட் சார்.”

வரதன் அதையும் ஒரு நயமாகக் கொண்டு சிரித்தார். அடுத்த ஆண்டுக்கும் அப்படியே மௌனம் வைத்து ஒன்று எழுதித் தருமாறு கேட்டார்.

திரும்பும் ரயிலில் எல்லோரும் பாராட்டைப் பேசிக்கொண்டு வந்தனர். அவர் மட்டும் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார்.

“கேக்கவே இல்லியே” என்றார் யாரிடமோ.

எதிரில் இருந்த ஸ்நேகா தயங்கிச் சொன்னாள்: “அண்ணா, கோச்சுக்காதீங்க. அந்த எட்டு வந்தா உங்க கை தானா மடங்குது. இன்னிக்கி காலையிலயும் மடக்கினீங்க. அத்தப் பாத்துதான் நாங்க எண்றோம்.”

பீட்டர் தம் வலக்கையைப் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்கள் வாயை அடைத்து வந்த கை அது.

“அக்டோபர் ரெண்டு” என்றார். “காலைல ஒம்போது மணி. எல்லாரும் வரணும்.”

“இன்னா பேஜாருண்ணா, லீவு நாளும் போச்சா?” என்றார் சின்னதுரை.

“வா சின்னதுரை. அன்னிக்கி கறிக்கடையும் கெடையாது. ஊட்ல குந்திக்கினு இன்னா பண்ணப்போற?” என்றாள் அஞ்சம்மாள், சி பிரிவின் மூத்த குரல்.

சிரிப்பு எழுந்தது. பீட்டர் வாசற்கம்பியருகே போய் நின்று, முதலடியிலிருந்து காற்றில் தாளம் கொடுத்துப் பார்த்தார். அந்த இடம் வந்ததும் விரல்கள் மடங்கின. பிரித்துவிட்டு, மறுபடி முதலடியிலிருந்து தொடங்கினார். மீஞ்சூர் தாண்டியும் மடங்கின.